டாலஸா, ஹூஸ்டனா? குடிபோகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டனில் கேட்டி பக்கம் ஆறு வருடம் இருந்தோம். 2019 கோடையில் டாலஸ் வந்து பிளேனோவில் வீடு பிடித்தோம். அதனாலேயே கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ யாராவது டெக்சாஸுக்கு மூட்டை கட்டினால், என் எண் எப்படியோ அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கும்போதே தெரியும்: "அண்ணா, நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கீங்களாமே?" சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாலஸ் என்றால் பிளேனோ, ஃபிரிஸ்கோ, அலன், மெக்கின்னி, இர்விங், காப்பெல். ஹூஸ்டன் என்றால் கேட்டி, சுகர் லேண்ட், சைப்ரஸ், பியர்லேண்ட், உட்லண்ட்ஸ். நம்மவர்கள் பெரும்பாலும் போய் இறங்குவது இந்தப் புறநகர்களில்தான். நடு ஊரில் அடுக்குமாடியில் வாழ்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

இந்த இரண்டு ஊருக்கும் அப்படி என்ன சண்டை?

பங்காளிச் சண்டை. ஐ-45 நெடுஞ்சாலையில் 240 மைல். வழியில் பக்கீஸ் என்ற நெடுஞ்சாலைக் கடையில் நிறுத்திக் காபி குடித்தாலும் நாலு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். 2020 கணக்கெடுப்பில் ஹூஸ்டன் நகர எல்லைக்குள் 23 லட்சம் பேர், டாலஸ் நகரில் 13 லட்சம். ஆனால் சுற்றுப்புறங்களைச் சேர்த்து எண்ணினால், ஃபோர்ட் வொர்த்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டு டாலஸ் முந்திவிடும். அவரவர் தமக்குச் சாதகமான கணக்கைச் சொல்லிக்கொள்வார்கள்.

2023-ல் பேஸ்பாலில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்திவிட்டு, டாலஸ் பக்கத்து ரேஞ்சர்ஸ் உலகத் தொடரையே வென்றது. ஹூஸ்டன் நண்பர்கள் சிலர் கொஞ்ச நாள் என் போனை எடுக்கவில்லை. அதே வருடம் எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபில் தன் தலைமையகத்தை இர்விங்கிலிருந்து ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்குக்கு மாற்றிக்கொண்டது. கணக்கு நேராகிவிட்டது. டாலஸ்காரர்களுக்குப் பகட்டு அதிகம் என்று ஹூஸ்டன்காரர்கள் சொல்வார்கள். ஹூஸ்டன் ஒரு சதுப்புநிலம் என்று இவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

நேரமில்லை. ஒரே வரியில் சொல்லுங்கள்.

எண்ணெய், எரிவாயு, மருத்துவம், துறைமுகம், விண்வெளி என்றால் ஹூஸ்டன். வங்கி, தொலைத்தொடர்பு, பொதுவான ஐ.டி. என்றால் டாலஸ். வீட்டிலிருந்தே வேலை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்புறம் ஊரைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. உங்கள் முதல் வேலையை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கு எங்கே வேலை கிடைக்கும், உங்களுடைய இந்த வேலை போனால் அடுத்தது எத்தனை மைலுக்குள் கிடைக்கும் என்று பாருங்கள்.

ஹூஸ்டனில் நாங்கள் இருந்த தெருவில் பாதிப்பேருக்கு எனர்ஜி காரிடார் என்கிற ஐ-10 ஓரத்து அலுவலகங்களில்தான் சம்பளம். 2015, 2016-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது அந்தத் தெருவில் ஒரே மாதத்தில் நாலு வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். அண்டை வீட்டுக்காரருக்கும் வேலை போகிறது, வீடு வாங்க வேண்டியவருக்கும் வேலை போகிறது. விலை எப்படி நிற்கும்? 2020 ஏப்ரலில் ஒரு நாள் அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. அப்போது நான் டாலஸில் இருந்தேன், ஆனால் வயிற்றில் பழைய கலக்கம் வந்தது.

ஹூஸ்டனில் எண்ணெய் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம், புற்றுநோய்க்கு எம்.டி. ஆண்டர்சன் அங்கேதான் இருக்கிறது. கிளியர் லேக் பக்கம் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், உயிரியல் ஆராய்ச்சி படித்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஹூஸ்டன் என்பேன்.

டாலஸ் பக்கம் ஒரே துறையை நம்பி ஊர் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் காலத்திலிருந்தே ரிச்சர்ட்சனில் தொலைத்தொடர்புக் கம்பெனிகள். பிளேனோவில் டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம், ஜேபி மோர்கன், கேப்பிடல் ஒன். வெஸ்ட்லேக்கில் ஃபிடெலிட்டி, சார்லஸ் ஷ்வாப். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். அந்த அறுபது நாளில் வீட்டை மாற்றாமல், பிள்ளை பள்ளியை மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போக டாலஸில் வாய்ப்பு அதிகம். பச்சை அட்டை வரிசையில் நிற்கிற குடும்பங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிது என்பது என் கட்சி.

நீங்கள் ஏன் ஊர் மாறினீர்கள்? வெள்ளத்துக்குப் பயந்தா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. மனைவிக்கு ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான். வெள்ளம் வந்தது அதற்கு இரண்டு வருடம் முன்பு.

சரி, அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஹூஸ்டனில் வீடு வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது.

2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்து நகராமல் உட்கார்ந்துகொண்டது. நாலைந்து நாளில் சில இடங்களில் 50 அங்குலத்துக்கு மேல் மழை. ஹூஸ்டனுக்கு ஒரு வருடத்துக்கே சுமார் 50 அங்குலம்தான். எங்கள் பகுதியில் வீடுகளுக்கு முன்னால் செங்கல் தூணில் தபால் பெட்டி வைத்திருப்பார்கள். ஞாயிறு ராத்திரி மின்சாரம் இருந்தது, தூக்கம் இல்லை. எதிர்வீட்டுத் தபால் பெட்டித் தூணில் டார்ச் அடித்துச் செங்கல் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மூன்று செங்கல் மூழ்கியிருந்தது. இரண்டு மணிக்கு நாலு. ஆறாவது செங்கல் மூழ்கினால் தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தொடும் என்று மனைவி கணக்குப் போட்டிருந்தாள். பாஸ்போர்ட், சான்றிதழ், தாலிச்செயின், அரிசி மூட்டை எல்லாம் மாடிக்குப் போய்விட்டன. ஐந்தாவது செங்கலில் தண்ணீர் நின்றது. இரண்டு தெரு தள்ளியிருந்த வீடுகளில் இடுப்பளவு.

இரண்டு தெருவுக்குள் இப்படி ஒரு வித்தியாசம். ஹூஸ்டன் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து 50 அடி உயரத்தில் தட்டையாகக் கிடக்கிற ஊர். மழைநீர் பாயூ எனும் மந்தமான ஓடைகள் வழியாக மெதுவாகத்தான் கடலுக்குப் போகும். நகரத்தைக் காப்பாற்ற 1940-களில் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். சாதாரண நாளில் அவை வெறும் புல்வெளியும் பூங்காவும்தான், தண்ணீரே இருக்காது. பெருமழை வந்தால் மட்டும் நிரம்பும். நிரம்பினால் தண்ணீர் நிற்கும் பரப்புக்குள்ளேயே பின்னாளில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். நம்மூரில் ஏரிக்குள் மனை போட்டு விற்பது போலத்தான். வேளச்சேரியையும் முடிச்சூரையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆகவே வீடு பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள். வெள்ள வரைபடத்தில் எக்ஸ் மண்டலம், அதாவது அபாயம் குறைந்த பகுதி என்று போட்டிருந்தால் போதும் என்று முகவர் சொல்வார். போதாது, ஹார்வியில் மூழ்கிய வீடுகளில் ஏராளமானவை வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. விற்பவர் தரும் உண்மை வெளிப்பாட்டுப் படிவத்தில், முன்பு தண்ணீர் புகுந்ததா, நீர்த்தேக்கப் பரப்புக்குள் இருக்கிறதா என்ற கேள்விகள் 2019 செப்டம்பர் முதல் சட்டப்படி கட்டாயம். அந்தப் பக்கத்தை வீட்டுச் சாவியைவிட முக்கியமாக நினைத்துப் படியுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டில் நாய் நடத்திக்கொண்டு வரும் பெரியவரிடம் ஹார்வியில் இந்தத் தெரு எப்படி இருந்தது என்று கேளுங்கள். எந்த வரைபடத்தையும்விட அவர் சரியாகச் சொல்வார்.

வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவில் கிளம்பிவிட்டது என்று செய்தியில் பார்த்துவிட்டு எடுக்க முடியாது.

அப்போ டாலஸில் நிம்மதி?

யார் சொன்னது? இங்கே மேலிருந்து கல் விழும்.

ஆலங்கட்டி என்றால் நம்மூரில் குழந்தைகள் ஓடிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம். இங்கே வசந்த காலத்தில் எலுமிச்சை அளவு, சில நாள் அதற்கும் மேலே. பத்து நிமிடத்தில் கூரை போய்விடும், கார் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிடும். மறுநாள் காலையிலேயே கூரை ஒப்பந்ததாரர்கள் கதவைத் தட்டுவார்கள். முதலில் வருபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்; நான் போட்டேன். ஒரு நாளில் முடியும் என்ற வேலைக்கு ஆறு வாரம் தார்ப்பாய் போட்டுக்கொண்டு இருந்தோம்.

காப்பீட்டுப் பத்திரத்தில் காற்று, ஆலங்கட்டிக்கு நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை தனியாக இருக்கும். அது டாலரில் இல்லாமல் சதவீதத்தில் இருக்கும். 5 லட்சம் டாலருக்குக் காப்பீடு, 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்கள் பையிலிருந்து. மாதத் தவணை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறைய.

சூறாவளிச் சுழல் (டொர்னாடோ) வேறு. 2019 அக்டோபரில், நாங்கள் வந்த நாலாவது மாதம், ஒரு ஞாயிறு இரவு வடக்கு டாலஸை ஒன்று கிழித்துக்கொண்டு போனது. தரைக்கடியில் அறை கட்டும் வழக்கம் இங்கே இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி அறைதான் கதி; அதற்குள் பழைய சூட்கேஸ்களை அடைத்து வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை நண்பகலில் எச்சரிக்கைச் சங்கை ஆலைச் சங்கு மாதிரி ஊதிப் பார்ப்பார்கள். முதல் தடவை கேட்டுப் பதறாதீர்கள்.

வீட்டு அஸ்திவாரம் விரிசல் விடும் என்கிறார்களே?

கோவில்பட்டிப் பக்கத்துக்காரராக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்: கரிசல் மண். டாலஸிலிருந்து தெற்கே நீளும் பிளாக்லேண்ட் பிரெய்ரி அச்சு அசல் அதுதான். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். மண் ஆடினால் மேலே இருக்கும் கான்கிரீட் தளமும் ஆடும். ஆகஸ்டில் ஒரு நாள் படுக்கையறைக் கதவு சாத்தவில்லை என்றால் கதவில் கோளாறு இல்லை. வீட்டைச் சுற்றித் தரையோடு கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். என் அப்பா இதைப் பார்த்துவிட்டு, "செடிக்கு ஊத்துவாங்க, வீட்டுக்குமா ஊத்துவாங்க?" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தார்.

இந்த மண்ணின் அதிகாரப்பூர்வப் பெயர் 'ஹூஸ்டன் பிளாக்'. டெக்சாஸின் மாநில மண். இருப்பதென்னவோ டாலஸ் பக்கத்தில். பெயரில்கூடப் போட்டிதான். ஹூஸ்டனிலும் களிமண் பிரச்சினை உண்டு, அங்கே ஈரம் அதிகம் என்பதால் வெடிப்பு கொஞ்சம் மட்டுப்படும்.

வெயில் எங்கே தாங்கும்?

ஹூஸ்டன் சென்னை, டாலஸ் வேலூர். ஹூஸ்டனில் ஜூலை காலை ஆறு மணிக்கே கண்ணாடி மேல் ஆவி படியும், சட்டை முதுகில் ஒட்டும், கொசு உண்டு. கறிவேப்பிலையும் முருங்கையும் கொல்லையில் செழிக்கும். டாலஸில் காந்தல் வெயில். 2011-ல் 71 நாள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது சுமார் 38 செல்சியஸ். ஆனால் இங்கே குளிர்காலம் என்று ஒன்று வரும். வருடத்தில் ஓரிரு தடவை சாலையில் பனிக்கட்டி உறைந்து ஊரே மூடிக்கொள்ளும். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்க வேண்டும். நான் மூன்று செடிகளைப் பலி கொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மின்சாரம் போகுமா?

இரண்டு ஊரிலும் போயிருக்கிறது. 2021 பிப்ரவரிக் குளிர்ப்புயலில் மாநிலத்தின் மின்கட்டமைப்பே தள்ளாடியது. டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 செல்சியஸ் வரை இறங்கியது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளம் வரை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடந்தோம். கேஸ் அடுப்பு எரிந்ததால் சுடுகஞ்சி கிடைத்தது. அன்றிலிருந்து யார் வீடு பார்த்தாலும் அடுப்பு கேஸா கரண்டா என்று கேட்கச் சொல்கிறேன்.

ஹூஸ்டனுக்குப் புயலும் சேர்த்தி. 2024 ஜூலையில் பெரில் புயலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருட்டில் கிடந்தன, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். சைப்ரஸில் இருக்கும் நண்பர் வீட்டில் முதல் நாள் மாலையே இட்லி மாவு பொங்கிக் குளிர்பெட்டிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டதாம்.

மின் திட்டம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சூட்சுமம். யூனிட் விலை அடிமாட்டு விலைக்குப் போட்டிருப்பார்கள். உள்ளே படித்தால், மாதம் 1,000 யூனிட் தாண்டினால் மட்டும் ஒரு தள்ளுபடி என்றிருக்கும். 990 யூனிட் எரித்துச் சிக்கனமாக இருந்தவருக்கு பில் கூடுதலாக வரும். விலை சீராக இருக்கிற திட்டத்தை எடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

வீட்டு விலை எங்கே குறைவு?

ஹூஸ்டன். அதே காசுக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும். பிளேனோ, ஃபிரிஸ்கோ, காப்பெல் எல்லாம் கொஞ்ச வருடங்களில் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன.

ஆனால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்கும் சேர்த்துச் சொத்து வரியில் பிடித்துக்கொள்வார்கள். ஹூஸ்டன் புறநகரின் புதுக் குடியிருப்புகளில் மட் என்று ஒரு வரி சேரும். தண்ணீர்க் குழாய், சாக்கடை எல்லாம் போடக் கடன் பத்திரம் வெளியிட்டு, அதைக் குடிவருகிறவர்கள் வரியாகக் கட்டித் தீர்க்கிற ஏற்பாடு. டாலஸுக்கு வடக்கே புதிதாக முளைக்கும் சில இடங்களிலும் இது வந்துவிட்டது. மொத்த வரி 2.2 சதவீதம் இருக்கும் இடத்தில் நாலரை லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 9,900. மட் சேர்ந்து 3 சதவீதமானால் 13,500. மாதத்துக்கு 300 டாலர் வித்தியாசம். விலையில் மிச்சம் பிடித்தது இங்கே கரைந்துபோகும்.

குடியேறியவுடன் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது நாமே குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள் ஆட்சேபம் போடலாம். போடுங்கள். பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாலே கொஞ்சம் குறைப்பார்கள்.

பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாதாமே, ஹூஸ்டனில்?

நகர எல்லைக்குள் நிலப் பயன்பாட்டு மண்டலம் கிடையாது. 1948, 1962, 1993 என்று மூன்று தடவை மக்களே வாக்களித்து வேண்டாம் என்றுவிட்டார்கள். பல் மருத்துவர், டயர் கடை, மூன்று மாடி வீடு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எனக்குப் பிடிக்கும், ஊர் உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும். குடியிருப்புச் சங்க விதிகள் உள்ள புறநகரில் இந்தக் கவலை இல்லை. அங்கே குப்பைத்தொட்டியை ஒரு நாள் வெளியே விட்டாலே கடிதம் வரும், இரண்டு ஊரிலும்.

பள்ளிக்கூடம்?

பெற்றோர்கள் அதிகம் சண்டை போடுவது இதில்தான். கேட்டி, ஃபோர்ட் பெண்ட், பிளேனோ, ஃபிரிஸ்கோ, காப்பெல் எல்லாமே நல்ல பள்ளி மாவட்டங்கள். தர எண்ணில் ஒன்பதா பத்தா என்று பார்ப்பது வீண் வேலை.

வேறொன்றைப் பாருங்கள். டெக்சாஸில் 1997 முதல், பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்று சட்டம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது சுருங்கிச் சுருங்கி, 2026-ல் சேருகிறவர்களுக்கு 5 சதவீதம். 600 பேர் படிக்கிற வகுப்பில் முதல் 30 பேர். அந்த 600-இல் முக்கால்வாசி உங்கள் பிள்ளையைப் போலவே கணக்கு டியூஷன் போகிற பிள்ளைகள் என்றால்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கும் பெண் நூறாவது இடத்தில் நின்று அழுவதை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 'நல்ல பள்ளி' என்று தேடிப் போய், பிள்ளையை அந்தக் கூட்டத்தில் தள்ளுவதா, அல்லது ஒரு படி சாதாரணமான பள்ளிக்கு அனுப்பி முன்வரிசையில் உட்கார வைப்பதா? இது இரண்டு ஊருக்கும் பொது. நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம். சொந்தக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

கார் இல்லாமல் வாழ முடியுமா?

முடியாது. டாலஸில் டார்ட் என்கிற நகர ரயிலின் நீளம் அதிகம். 2025 அக்டோபரில் பிளேனோவிலிருந்து விமான நிலையத்துக்கே வெள்ளித் தடம் (சில்வர் லைன்) என்ற ரயில் வந்துவிட்டது. ஆனால் ஃபிரிஸ்கோ, அலன், மெக்கின்னி அந்த அமைப்பிலேயே இல்லை. ஹூஸ்டனில் ரயில் குட்டி. புறநகரில் காரை நிறுத்திவிட்டு நடு ஊருக்குப் போகும் பேருந்துகள் மட்டும் நன்றாக ஓடும்.

கேட்டி நெடுஞ்சாலை சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடம். அதிலும் மாலை ஐந்து மணிக்கு நின்று, பிள்ளையின் ஸ்வெட்டர் பின்னி முடிக்கலாம். டாலஸில் வழி கிடைக்கும், காசு போகும்: எங்கே திரும்பினாலும் சுங்கச் சாலை. வீடு பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கோயில், தமிழ்ப் பள்ளி, மளிகை?

மளிகையில் வித்தியாசம் இல்லை. பொன்னி அரிசியும் நல்லெண்ணெயும் முருங்கைக்காயும் இரண்டு ஊரிலும் பத்து நிமிடத்தில். எச்-இ-பி என்ற டெக்சாஸ் கடை ஹூஸ்டனில் மூலைக்கு ஒன்று. டாலஸின் வடக்குப் புறநகருக்கு 2022-ல்தான் வந்தது. ஃபிரிஸ்கோவில் திறந்த அன்று கூட்டம் முதல் நாள் முதல் காட்சி மாதிரி.

கோயில் என்றால் பியர்லேண்ட் மீனாட்சி கோயில். கோபுரமும் பிரகாரமும் பார்த்தால் டெக்சாஸ் மறந்துவிடும். கேட்டியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், ஆனாலும் ஆடி வெள்ளிக்குப் போவோம். டாலஸில் இர்விங் ஏக்தா மந்திர், ஃபிரிஸ்கோ அனுமான் கோயில் என்று நிறைய உண்டு, கூட்டமும் உண்டு. அந்தப் பிரகார அமைதி எனக்கு இங்கே கிடைக்கவில்லை. தமிழ்ப் பள்ளி இரண்டிலும் வார இறுதியில் நடக்கிறது.

கிரிக்கெட்டில் டாலஸ்தான். கிராண்ட் ப்ரெய்ரி அரங்கில் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் ஆடுகிறது. 2024 ஜூனில் டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் தோற்கடித்ததும் அங்கேதான்.

சாப்பாடு?

ஹூஸ்டன். பேச்சே இல்லை. ஹில்கிராஃப்ட் தெருவின் மகாத்மா காந்தி வட்டாரம், பெல்லேர் சாலையின் வியட்நாம் கடைகள், மிளகாயும் பூண்டும் வெண்ணெயும் போட்டு வேகவைத்த கிராஃபிஷ். டாலஸில் தமிழ்நாட்டு ஓட்டல்கள் பெருகிவிட்டன, தோசை நன்றாகவே கிடைக்கும். ஆனால் மற்ற நாட்டுச் சாப்பாட்டில் ஹூஸ்டன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஊருக்குப் போக விமானம்? தூதரக வேலை?

துபாய் வழி, தோஹா வழி இரண்டு ஊரிலிருந்தும் உண்டு. டாலஸ் விமான நிலையம் காப்பெல், இர்விங்குக்குப் பின்வாசல் மாதிரி. கேட்டியிலிருந்து ஹூஸ்டன் விமான நிலையத்துக்குப் போவதே ஒரு பயணம். இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனில். 2025 முதல் டாலஸிலும் பாஸ்போர்ட் விண்ணப்ப மையம் வந்ததால் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது.

கல்யாணமாகாத இளைஞன் நான். எனக்கு?

புறநகருக்கு வராதீர்கள், தம்பி. ஹூஸ்டனில் மான்ட்ரோஸ், மிட்டவுன், டாலஸில் அப்டவுன். மேலே எழுதியதை எல்லாம் பத்து வருடம் கழித்துப் படியுங்கள்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்கினால் எங்கே பொழுது போகும்?

டாலஸ் புறநகர்ப் பூங்காக்களில் மாலை ஆறு மணிக்குப் பாருங்கள்: வெள்ளை ஷூ, வேட்டி, ஸ்வெட்டர், ஓய்வுபெற்ற தாசில்தார், தலைமையாசிரியர், மின்வாரிய என்ஜினியர் என்று ஒரு சபையே உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்கு அங்கே ஒரு வாரத்தில் நாலு நண்பர்கள் கிடைத்தார்கள்; என்னைவிட அவருக்கு இந்த ஊரில் ஆட்களைத் தெரியும்.

அம்மாவின் கதை வேறு. அவர் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். ஹூஸ்டனில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை கால்வெஸ்டன் போவோம். அங்கே கடல் நீலமாக இருக்காது, செம்மண் கரைத்த மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்து, "இது என்னடா, புதுவெள்ளம் வந்த காவிரி மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றார். டாலஸ் வந்த பிறகு இரண்டாவது வாரமே கேட்டுவிட்டார், இங்கே கடலுக்கு எவ்வளவு தூரம் என்று. ஐந்து மணி நேரம் என்றேன். போகும் வழியில் மீனாட்சியையும் பார்த்துவிடலாம் என்றார். வருகிற சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம், புளியோதரை கட்டுகிறார்.